நின்று நின்று நடந்தால் கால் தேறும்

1948-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜை அவருடைய கால்கள் படுத்தி எடுத்தன. பிடித்துக்கொள்ளும், மரத்துப்போகும். ஓயாமல் சிகரெட் புகைப்பவர் அவர். காலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் குறுகிவிட்டன, வலது காலை எடுக்க வேண்டி வரலாம் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். ஆஸ்திரேலியப் பயணம் தள்ளிவைக்கப்பட்டது. 1949 மார்ச்சில் அறுவை சிகிச்சை நடந்தது, கால் தப்பியது. 1952 பிப்ரவரியில், 56 வயதில், இதய ரத்தக்குழாயில் ஏற்பட்ட அடைப்பு உறக்கத்திலேயே அவர் உயிரைப் பறித்தது.

காலில் அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாய்களிலும் அது இருக்க வாய்ப்பு அதிகம். 'வயசானா கால் வலிக்கத்தானே செய்யும்' என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுத்துக்கொள்வது அதனால்தான் ஆபத்து.

முதல் வேலை, வலியை அடையாளம் காண்பது. ரத்த ஓட்டக் குறைவால் வரும் வலி கணக்காக வரும். தெருமுனைக் கடை வரை போனால் கெண்டைக்கால் இறுகும். இரண்டு மூன்று நிமிடம் சும்மா நின்றாலே விட்டுவிடும். அதே தூரம் நடந்தால் மறுபடி பிடிக்கும். வலிக்கும்போதெல்லாம் கடைக் கண்ணாடியை வேடிக்கை பார்ப்பதுபோல் நிற்பதால், ஜெர்மானியர்கள் இதற்கு 'கடைக்கண்ணாடி நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகெலும்புக் கோளாறு என்றால் நிற்பது மட்டும் போதாது. உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். நரம்புச் சுருட்டல் உள்ளவருக்குக் காலை உயர்த்தி வைத்தால் சுகம். ரத்தக்குழாய் நன்றாக அடைத்திருப்பவருக்கோ உயர்த்தினால் பாதம் வெளுத்து வலி கூடும்.

அடுத்து, பரிசோதனை. மருத்துவர் பாதத்தின் மேலும் உள்கணுக்காலின் பின்னாலும் நாடி பார்ப்பார். பிறகு கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். விடை 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு இருப்பதாகப் பொருள். வலியில்லாத, எளிய சோதனை. நாள்பட்ட சுகர் நோயாளிகளுக்குக் குழாய்ச் சுவர் கெட்டிப்பட்டு 1.40-க்கு மேல் காட்டக்கூடும். அதை நல்ல செய்தி என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களுக்குக் கால் விரலில் அளக்க வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்குத் தனித் துறையே உண்டு.

இனி, மருந்துகளிலேயே மலிவான மருந்து: நடை. வலிக்கிற காலுக்கு ஓய்வு கொடுப்பதுதான் இயல்பாகத் தோன்றும். 1966-ல் டென்மார்க் மருத்துவர்கள் லார்சனும் லாசனும் அதை மாற்றிப் பார்த்தார்கள். தினமும் நடக்கவைக்கப்பட்ட நோயாளிகள் முன்பைவிட நெடுநேரம் நடந்தார்கள். இன்று உலகெங்கும் முதலில் சொல்லப்படும் சிகிச்சை இதுவே. பாதத்தில் புண், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

முறை இதுதான். சமதரையில் நடக்க வேண்டும். வலி எட்டிப் பார்த்ததுமே நின்றுவிடாமல், ஓரளவு கடுமையாகும் வரை தொடர வேண்டும். பிறகு நிற்கலாம், திண்ணையில் உட்காரலாம். வலி முழுக்க அடங்கிய பிறகே அடுத்த நடை. இப்படி நின்றும் நடந்தும் மொத்தம் 30 நிமிடத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல 45, 60 நிமிடம் வரை கூட்டலாம். வாரத்துக்கு மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். முதல் சில வாரங்களில் பலன் தெரியாது. பலரும் கைவிடுவது அங்கேதான். வீட்டில் ஒருவர் கூடவே நடந்தால் எவ்வளவோ உதவி. அடைப்பு இதனால் கரைவதில்லை. கிடைக்கும் ரத்தத்தைக் கொண்டு வேலை செய்யத் தசை பழகிக்கொள்கிறது.

பீடி, சிகரெட்டை அறவே விட்டாக வேண்டும். குறைத்துக்கொண்டேன் என்பது போதாது. பர்கர் நோய் என்று ஒன்று உண்டு. புகையிலையால் இளம் வயதிலேயே விரல்களுக்குப் போகும் குழாய்கள் அடைபட்டு அழுகும் நோய். நம் ஊரில் பீடி பிடிக்கும் உழைப்பாளிகள் அதற்குப் பலியாகிறார்கள். புகையை முற்றிலும் நிறுத்தியவர்களுக்குப் பெரும்பாலும் கால் தப்புகிறது.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல் ஆகியவற்றை மருத்துவர் எழுதுவார். நடக்கும் தூரத்தைக் கூட்ட சிலோஸ்டசால் தரப்படும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது.

பாதம் சில்லென்றிருக்கிறதே என்று வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. சுகரால் உணர்ச்சி குறைந்த பாதம் வெந்துபோவதே தெரியாது. கால் ஆணியை பிளேடால் சீவுவது, மருத்துவரைக் கேட்காமல் இறுக்கமான காலுறை போடுவது இரண்டும் வேண்டாம். தினமும் விரலிடுக்கு வரை பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.

இத்தனைக்கும் அடங்காத வலிக்கு ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ் உண்டு. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்மணிக்கு சார்லஸ் டாட்டர் தொடைக் குழாயைக் குழல் செலுத்தி விரித்தார். அந்தப் பெண்மணி தன் காலிலேயே நடந்தார். இதயத்துக்கு அந்த முறை வந்தது அதற்குப் பிறகுதான்.

படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, புண் ஆறாமல் நின்றாலோ அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, மரத்து, அசைக்க முடியாமல் போனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் தசை செத்துவிடும். 108-ஐ அப்போதே அழைக்க வேண்டும்.