ஒரு லிட்டரில் எவ்வளவு தூரம்?

"சிறு துளி பெருவெள்ளம்" என்பது பெட்ரோலுக்கும் பொருந்தும். நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. 1973-ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தபோது, சில மாதங்களிலேயே அதன் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1978-இல், எரிபொருள் சிக்கனத்தைப் பரப்புவதற்கென்றே பி.சி.ஆர்.ஏ. எனப்படும் பெட்ரோலியம் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கத்தை நம் அரசு அமைத்தது. நம் ஊத்தங்கரையிலும் வாடகைக் கார் ஓட்டி வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு மைலேஜ் என்பது வீட்டில் அடுப்பெரியும் கணக்கு.

அளப்பது எப்படி?

பெட்ரோல் முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்வது வெறும் ஊகம். டேங்கை நிரப்பி, மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நாள் ஓட்டியபின் அதே பங்கில் மீண்டும் நிரப்ப வேண்டும். குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். இடையில் ஓடிய தூரம் 420 கி.மீ., இரண்டாம் முறை பிடித்தது 28 லிட்டர் என்றால், 420 ÷ 28 = 15. அதாவது லிட்டருக்கு 15 கி.மீ. ஒரு முறை அளந்தது போதாது. மூன்று நான்கு முறை அளந்து, மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுத்தால்தான் சரியான விடை கிடைக்கும்.

கூட்டுவது எப்படி?

1. டயரில் காற்றுக் குறைந்தால் உருளும் தடை கூடும். வண்டி ஓடிச் சூடேறுமுன், காலையிலேயே காற்றைச் சரிபார்க்க வேண்டும்.

2. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகமே சிக்கனம் என்பது பி.சி.ஆர்.ஏ.யின் அறிவுரை.

3. வேகமாய்ப் போய்ச் சட்டென்று பிரேக் பிடித்தால், பெட்ரோல் தந்த இயக்க ஆற்றல் வெப்பமாகி வீணாகும்.

4. நின்ற வண்டியில் இன்ஜின் ஓடினால் மைலேஜ் சுழி. ரயில்வே கேட்டில் அணைத்துவிடலாம்.

5. ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வைத்து, வேண்டாத பாரத்தை இறக்கிவிட வேண்டும்.

ஆபத்தான சிக்கனம்

பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகச் சேலம் செல்லும் லாரிகள் தொப்பூர்க் கணவாயில் இறங்குகின்றன. டீசலை மிச்சம் பிடிக்கச் சிலர் அங்கே நியூட்ரலில் இறக்குவது பல விபத்துகளுக்குக் காரணமாகியிருக்கிறது. நியூட்ரலில் இன்ஜினின் பிடி இருக்காது. வண்டியின் முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும்.

இதில் மிச்சமும் இல்லை என்பதே வியப்பு! இக்காலக் கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். அப்போது எரிபொருள் தானாக நின்றுவிடும். நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும்.

மாதம் 3,000 கி.மீ. ஓடும் கார் லிட்டருக்கு 12 கி.மீ. தந்தால் 250 லிட்டர் வேண்டும். 15 கி.மீ. தந்தால் 200 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், மிச்சம் 5,000 ரூபாய்.

தோழியரே! உங்கள் வீட்டில் வண்டி இருந்தால், கணக்கு நோட்டை நீங்களே எழுதத் தொடங்குங்கள். சிக்கனமும் வேண்டும், அப்பாவும் அண்ணனும் பத்திரமாய் வீடு திரும்பவும் வேண்டும்.