சைக்கிள் வந்து சேரவில்லை: ஆறு மாதக் கெடு எந்த நாளில் தொடங்கும்?

கேள்வி: பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் செய்கிறேன். தை மாதம் சம்பா அறுவடை முடிந்த கையோடு நானும் என் மைத்துனரும் கங்கைக் கரையோரம் சைக்கிளில் போகக் கிளம்பினோம். தஞ்சாவூரில் இருந்து சென்னை வரை இரண்டு சைக்கிளும் நல்லபடியாக வந்தன. சென்னையில் ஜனவரி 30 அன்று, நாங்கள் போகும் ரயிலின் லக்கேஜ் வேனிலேயே புக் செய்து தனித்தனி ரசீது வாங்கினோம். பிப்ரவரி 1 அன்று வடக்கே இறங்கினால் மைத்துனரின் சைக்கிள் ரிம் வளைந்து, கியர் உடைந்து கிடந்தது. ரசீதைக் கொடுத்து அதை எடுத்துக்கொண்டார். என் சைக்கிள் வரவே இல்லை. "அடுத்த வண்டியில் வரும்" என்றார்கள். நான்கு நாள் காத்திருந்து ஊர் திரும்பினோம். 139-க்குப் பலமுறை பேசினேன். பிறகு மேட்டூர் திறப்பு, குறுவை நடவு என்று நாள் ஓடிவிட்டது. என் சைக்கிள் விலை 38,000 ரூபாய். தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா? மூன்று வருடம் வரை நேரம் உண்டு என்கிறார் ஒரு நண்பர். ஆறு மாதம்தான் என்றாலும் ஆகஸ்ட் 1 வரை இருக்கிறதே, ஜூலை கடைசியில் சென்னை போகும்போது நோட்டீஸை நேரில் கொடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. உங்களுக்கு ஆகஸ்ட் 1 வரை நேரம் இல்லை.

ரயில்வே சட்டம் 1989, பிரிவு 106 சொல்வது இதுதான்: சரக்கை ரயில்வேயிடம் ஒப்படைத்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீடு கோரும் நோட்டீஸ் நிர்வாகத்திடம் சேர வேண்டும். காணாமல் போனது உங்களுக்குத் தெரியவந்த நாள் இங்கே கணக்கில் இல்லை. ரசீதில் ஜனவரி 30 என்று இருக்கிறது. ஆகவே ஜூலை 29-க்குள் நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிடுவதே பாதுகாப்பு. தபாலில் போட்ட தேதியை நம்பி இருக்காதீர்கள்.

நண்பர் சொன்ன மூன்று வருடமும் சட்டத்தில் உண்டு. அது ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் மனுப் போடுவதற்கான கெடு. அதுவும் ஒப்படைத்த நாளில் இருந்தே ஓடும். ஆனால் ஆறு மாத நோட்டீஸ் இல்லாமல் அந்த மூன்று வருடத்தால் பயன் இல்லை. மனு தாமதமானால் தகுந்த காரணம் காட்டிப் பொறுத்துக்கொள்ளக் கேட்க, 1987-ஆம் ஆண்டின் தீர்ப்பாயச் சட்டம் பிரிவு 17-இல் வழி இருக்கிறது. நோட்டீஸ் தாமதத்துக்கு அப்படி ஒரு வழி பிரிவு 106-இல் எழுதப்படவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கும் போக வேண்டாம். புக் செய்த சரக்கு தொலைந்தால் இழப்பீடு கேட்க வேண்டிய இடம் இந்தத் தீர்ப்பாயம். பிற நீதிமன்றங்களுக்கும் அமைப்புகளுக்கும் அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 15 விலக்கி வைக்கிறது. தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில் இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வருத்தமும் கோபமும் வந்ததை மறைக்கவில்லை. ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. 139-க்குப் பேசியிருக்கிறீர்கள், நண்பரிடம் பேசியிருக்கிறீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதிக் கொடுக்கவில்லை. ரசீது எண்ணோடு "சைக்கிள் வந்து சேரவில்லை" என்று அந்த நான்கு நாளில் ஒரு நாள் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கியிருந்தால், அந்தப் புகாரே பிரிவு 106(2)-இன்படி நோட்டீஸாகக் கருதப்பட்டிருக்கும். போன் பேச்சு எழுத்து ஆகாது. நடவு வேலை காத்திருக்காது என்பது எனக்கும் தெரியும், நானும் டெல்டாக்காரன்தான். ஆனால் முறைப்பாசனத் தண்ணீரை நாள் தவறாமல் எழுந்து போய்த் திருப்பத் தெரிந்த உங்களுக்கு, சட்டத்தின் முறையும் நாளும் அதே அளவு முக்கியம் என்று தெரியாமல் போனதே!

மைத்துனர் விஷயம் இன்னும் மோசம். சேதமான பொருள் வந்தால் "ஓப்பன் டெலிவரி" கேட்க பிரிவு 81 உரிமை தருகிறது. அதாவது ரயில்வே ஊழியர் முன்னிலையில் பார்த்து, சேதத்தை எழுத்தில் பதிவு செய்த பிறகு எடுத்துக்கொள்வது. அவர் கேட்கவில்லை. அசல் ரசீதையும் கொடுத்துவிட்டார். நகல் இல்லை, போட்டோவும் இல்லை. அவரும் நோட்டீஸ் அனுப்பட்டும். வெற்றி கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

தொகை பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய ரசீதின் படத்தில் மதிப்பு அறிவித்ததாகவோ, அதற்கான கூடுதல் கட்டணம் கட்டியதாகவோ எதுவும் இல்லை. அப்படியானால் பிரிவு 103-உம் 1990-ஆம் ஆண்டு விதிகளும் லக்கேஜுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய் என்று வரம்பு கட்டுகின்றன. ரசீதில் எடை 18 கிலோ. 38,000 ரூபாய் சைக்கிளுக்கு 1,800 ரூபாய்! இது நியாயமா என்றால் இல்லை என்பதே என் கருத்து. ஆனால் இன்றைய சட்டம் அது. தீர்ப்பாயம் வரை செலவழிப்பதா என்பதை நோட்டீஸுக்குப் பதில் வந்த பிறகு முடிவு செய்யுங்கள். நோட்டீஸை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தெற்கு ரயில்வே தலைமையகத்தின் கிளெய்ம்ஸ் பிரிவுக்கு இந்த வாரமே அது போக வேண்டும். ரசீது எண், புக் செய்த தேதி, நிலையங்கள், சைக்கிளின் அடையாளம், கேட்கும் தொகை எல்லாம் அதில் இருக்கட்டும். நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஸ்பீட் போஸ்டிலும் ஒன்று அனுப்புங்கள்.

நான் பார்த்தது உங்கள் கடிதமும் ஒரு மங்கலான படமும் மட்டுமே. அதை வைத்துச் சொன்ன பொதுவான கருத்து இது. நாளைக்கே தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு வழக்கறிஞரை நேரில் பார்த்து, பயணச்சீட்டு, சைக்கிள் வாங்கிய பில், லக்கேஜ் ரசீது மூன்றையும் காட்டுங்கள். ரசீதின் நகலை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அசலை உங்கள் கையை விட்டுப் போக விடாதீர்கள்.