திடுக்கிடும் வேளையில்

மடவார் வளாகத்தில் ஓர் இரவு நாங்கள் படித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. தீப்பெட்டி தேடி அடுக்களைக்கு ஓடித் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தோம். டார்ச் லைட்டோ மேஜை மேலேயே இருந்தது! திடுக்கிடும்போது மனம் ஒன்றையே பற்றிக்கொள்கிறது; அருகில் இருப்பது கண்ணில் படுவதில்லை.

எங்களுக்கு நஷ்டம் ஒரு குடம் தண்ணீர்தான். 1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட 'எம்பரர் அசோகா' விமானத்தில், சாய்வைக் காட்டும் கருவி ஒன்று பழுதாகித் தவறாகக் காட்டியது. வெளியே இருண்ட கடல், அடிவானம் தெரியவில்லை. கேப்டன் அக்கருவியையே நம்பி இடப்பக்கம் மேலும் மேலும் சாய்த்தார். சரியாகக் காட்டும் வேறு கருவி இரு விமானிகளுக்கும் நடுவே இருந்தது. விமானப் பொறியாளர் எச்சரித்தும் பயனில்லை. 213 பேரும் மாண்டனர்.

இன்று விமானிகளைத் தரையிலுள்ள மாதிரி அறையில் அமர்த்தி, திடீர்ப் பழுதுகளை உண்டாக்கிப் பழக்குகிறார்கள். நாங்களும் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை எடுத்துப் பழகுகிறோம். தங்கைக்கு அது விளையாட்டு!