கோடை விடுமுறையில் மர்ம நாவல்கள்: எவற்றைப் படிப்போம்? எப்படிப் படிப்போம்?

தேர்வு முடிந்ததும் நம் மாணவியர் நூலகத்தில் முதலில் கேட்பது, "நல்ல துப்பறியும் கதை இருக்கிறதா, சிஸ்டர்?" என்பதுதான். வீட்டில் அன்னையர் முகம் சுளிக்கிறார்கள். கொலையும் கொள்ளையும் நிறைந்த புத்தகம் வளரும் பெண்ணுக்கு எதற்கு என்பது அவர்கள் கவலை. இக்கவலையை நாம் புறந்தள்ளுவதற்கில்லை. அச்சமூட்டுவதைத் தவிர வேறு நோக்கமே இல்லாத நூல்களும் கடைகளில் மலிந்து கிடக்கத்தான் செய்கின்றன. ஆயினும், பதரைத் தூற்றும்போது நெல்லையும் சேர்த்துக் கொட்டிவிடலாகாதல்லவா?

துப்பறியும் கதை நமக்குப் புதிதன்று. தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். சூசன்னா என்னும் குற்றமற்ற பெண்மீது இரு முதியவர் பழி சுமத்துகின்றனர். சபையும் நம்பி மரண தண்டனை விதித்துவிடுகிறது. அப்போது இளைஞர் தானியேல் செய்தது என்ன? இருவரையும் தனித்தனியே நிறுத்தி, "எந்த மரத்தடியில் கண்டீர்?" என்று கேட்டார். இருவரும் வெவ்வேறு மரங்களைச் சொன்னார்கள். பொய் வெளிப்பட்டது, ஓர் உயிர் தப்பியது. சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்கும் வழக்கத்தின் பயனை இதைவிடத் தெளிவாக யார் சொல்லிவிட முடியும்?

நல்ல மர்மக் கதையை அறிவது எப்படி? இதற்கு அளவுகோல் தந்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். விவிலியம் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அருட்தந்தை ரொனால்ட் நாக்ஸ், துப்பறியும் நாவல்களும் எழுதியவர். 1929இல் அவர் இவ்வகைக் கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே அறிமுகமாகிவிட வேண்டும். பேய் பிசாசு வந்து புதிரை அவிழ்க்கக் கூடாது. எவரும் அறியாத நஞ்சைப் புகுத்தக் கூடாது. துப்பறிவாளர் காணும் தடயம் ஒவ்வொன்றையும் வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்பன அவற்றுள் சில. சுருங்கச் சொன்னால், ஆசிரியர் வாசகரை ஏமாற்றலாகாது; நேர்மையாகப் போட்டியிட வேண்டும். இவ்வளவுகோலை மனத்தில் கொண்டு இக்கோடைக்குச் சில நூல்களைப் பரிந்துரைக்கிறோம். முடிவை மட்டும் சொல்லமாட்டோம்!

ஏழாம் எட்டாம் வகுப்பு மாணவியருக்கு ராபின் ஸ்டீவன்ஸ் எழுதி 2014இல் வெளிவந்த 'மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்' மிகவும் ஏற்றது. கதை நிகழ்வது 1934இல், இங்கிலாந்தின் ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளியில். ஹாங்காங்கிலிருந்து வந்து பயிலும் ஹேசல் வாங், உடற்பயிற்சிக் கூடத்தில் அறிவியல் ஆசிரியை இறந்து கிடப்பதைக் காண்கிறாள். ஆட்களை அழைத்துக்கொண்டு திரும்புவதற்குள் உடலைக் காணோம்! அவளும் தோழி டெய்சியும் உண்மையைத் தேடுகிறார்கள். அயல்நாட்டிலிருந்து வந்தவள் என்பதால் ஹேசல் படும் சிறு சிறு மனவேதனைகளையும் ஆசிரியை மறைக்கவில்லை. புதிதாக வந்து சேரும் மாணவியை நாம் எப்படி நடத்துகிறோம் என்று எண்ணிப் பார்க்கவும் இந்நூல் தூண்டும்.

ஒன்பதாம் பத்தாம் வகுப்பினர் நான்சி ஸ்பிரிங்கரின் இனோலா ஹோம்ஸ் கதைகளைப் படிக்கலாம். முதல் நூல் 2006இல் வந்தது. ஷெர்லாக் ஹோம்ஸுக்கு ஒரு தங்கை இருந்தால்? பதினான்காம் பிறந்த நாளில் தாய் காணாமற்போக, அவர் விட்டுச் சென்ற சங்கேதங்களையும் மலர்களுக்குரிய பொருள்களையும் கொண்டு இனோலா தேடப் புறப்படுகிறாள். சொல் விளையாட்டிலும் கணக்குப் புதிரிலும் ஆர்வமுள்ளோர் இதைக் கீழே வைக்கமாட்டார்கள்.

மேல்நிலை வகுப்பினருக்கும் அன்னையர்க்கும் சுஜாதா மாஸ்ஸியின் 'தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்' நாவலைச் சொல்வோம். இது 2018இல் வெளிவந்தது. காலம் 1921, களம் பம்பாய். செல்வர் ஒருவரின் மூன்று விதவைகளும் தமக்குரிய சொத்தைத் தருமத்திற்கு விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திடுகின்றனர். அதில் ஒரு கையெழுத்து வெறும் பெருக்கல் குறி! எழுதத் தெரியாதவர், எதில் கையெழுத்திடுகிறோம் என்று அறிந்தா இட்டார்? அம்மாதர் அந்நிய ஆடவர் முன் வராதவர்கள். ஆகவே பெண் வழக்கறிஞர் பர்வீன் மிஸ்திரியே அவர்களிடம் செல்ல முடிகிறது. ஆக்ஸ்போர்டில் சட்டம் பயின்ற முதல் பெண்மணியான நம் நாட்டுக் கொர்னீலியா சொராப்ஜியின் வாழ்வு இப்பாத்திரத்திற்கு ஊக்கமளித்தது. படிப்பறிவு ஒரு பெண்ணுக்கு எத்தகைய காப்பு என்பதை இந்நாவல் உபதேசமின்றி உணர்த்துகிறது. பர்வீனின் மணவாழ்வுத் துயரம் பேசப்படுவதால், இளைய மாணவியர் சற்றுப் பொறுத்திருக்கட்டும்.

ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' (2020) பெரியவர்களுக்கே உரியது. முதியோர் குடியிருப்பில் வாழும் நால்வர் வியாழன்தோறும் கூடித் தீராத வழக்குகளை ஆராய்கிறார்கள். நகைச்சுவை நிறைந்தது, வயதானவரைப் பயனற்றவரென்று ஒதுக்கும் உலகிற்கு நல்ல பதில். ஆயினும் வாழ்வின் முடிவு குறித்துச் சில பாத்திரங்கள் எடுக்கும் முடிவுகளை நாம் ஏற்பதற்கில்லை. பெற்றோர் முதலில் படித்துப் பார்ப்பது நலம்.

இனி, எப்படிப் படிப்பது? ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் கோடிடுங்கள். முதலாவதில் 'கண்டது', இரண்டாவதில் 'கேட்டது', மூன்றாவதில் 'ஊகித்தது' என்று தலைப்பிடுங்கள். படிக்கும்போது ஒவ்வொரு செய்தியையும் அதற்குரிய பத்தியில் எழுதுங்கள். முக்கால் பங்கு முடிந்ததும் புத்தகத்தை மூடிவைத்து, குற்றவாளி யார், காரணம் என்ன என்று எழுதிய பின்பே மேலே படியுங்கள். உங்கள் விடை தவறானால் பின்னோக்கிச் சென்று பாருங்கள். பெரும்பாலும் ஊகித்த ஒன்றைக் கண்டதாகக் கருதியதே பிழைக்குக் காரணமாக இருக்கும். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டும் வழக்கமுள்ளவர்கள் இப்பயிற்சியின் பயனை அடியோடு இழக்கிறார்கள்.

இது வெறும் விளையாட்டன்று. வகுப்பில் ஒரு பேனா காணாமற்போனால் என்ன நடக்கிறது? யாரோ ஒருத்தியின் பெயர் காதோடு காதாகப் பரவுகிறது. பெரும்பாலும் அவள் வறியவள், அல்லது அதிகம் பேசாதவள். மாலையில் பேனா மேசைக்கடியில் கிடைத்துவிடலாம். ஆனால் அவள் இழந்த நற்பெயரை யார் எடுத்துக் கொடுப்பது? மறுநாளும் அவளருகில் அமரத் தயங்குவோர் இருப்பார்களே! "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்ததும் இதற்காகத்தான்.

நல்ல மர்ம நாவல் நமக்குக் கற்றுத் தருவது சந்தேகப்படுவதை அன்று. சந்தேகத்திற்கும் சான்றிற்கும் உள்ள வேற்றுமையை. அந்த வேற்றுமையை அறிந்த மாணவியர் ஜூன் மாதத்தில் நம் வகுப்பறைகளுக்குத் திரும்புவார்களாயின், அவ்விடுமுறை வீண்போகவில்லை என்று நாம் மகிழலாம்.