எழுத்துக்கு உருவம் கொடுக்கும் ஆசிரியர்கள்

நம் மாட்டுங்கா, செம்பூர், தாராவிக் குடும்பங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்தால் என்ஜினீயர், டாக்டர், சி.ஏ. என்ற மூன்று பேச்சுதான் முதலில் எழும். "டிசைன் படிக்கிறேன்" என்று ஒரு பெண் சொன்னால், "படம் வரைந்தா பிழைக்கப் போகிறாய்?" என்று கேட்கிறோம். அதையே கல்லூரியில் கற்பிக்கும் ஆசிரியையாக வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். எங்கள் கட்டிடத்தில் ஒரு வீட்டில் இந்த வாக்குவாதம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே புக எனக்கு உரிமை இல்லை. ஆனால் கிராஃபிக் டிசைன் ஆசிரியர் என்பவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதை, ரயில்வேயில் வரைபட மேஜை முன் பல ஆண்டுகள் குனிந்து நின்றவன் என்ற முறையில் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது.

டிப்ளமோ படிப்பில் எங்களுக்கு முதலில் கற்றுத் தந்தது இயந்திரம் அல்ல, எழுத்துதான். டி-ஸ்கொயரை வைத்து இரண்டு கோடு இழுத்து, அதற்குள் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் ஒரே கனத்தில் எழுதிப் பழக வேண்டும். வரைபடத்தில் இருக்கும் 3 என்ற எண்ணை ஒர்க்‌ஷாப்பில் 8 என்று படித்தால் இரும்பு வீணாகிவிடும். எழுத்தின் உருவம் அழகு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல என்று அன்றே மனதில் பதிந்தது.

ரயில்வேக்காரன் என்பதால் ஒரு லண்டன் செய்தியும் சொல்லிவிடுகிறேன். எட்வர்ட் ஜான்ஸ்டன் என்பவர் 1899 முதல் அங்கே ஒரு கலைப்பள்ளியில் எழுத்துக்கலை கற்பித்த ஆசிரியர். லண்டன் பாதாள ரயிலுக்கென்று தனியாக ஓர் எழுத்து வேண்டும் என்று 1913-இல் அவரிடம் கேட்டார்கள். 1916-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. விளம்பரங்களுக்கு நடுவே நிலையத்தின் பெயர் பயணியின் கண்ணில் சட்டென்று பட வேண்டும் என்பதே தேவை. நூறாண்டு கடந்தும் அந்த எழுத்தின் வழிவந்த வடிவமே அங்கே இருக்கிறது. அவருடைய மாணவர் எரிக் கில் செய்த எழுத்தும் பின்னாளில் ஓர் ஆங்கிலேய ரயில் கம்பெனியின் பலகைகளில் ஏறியது.

நம் மும்பையிலும் அப்படி ஒருவர் இருந்தார். ஆர்.கே. ஜோஷி, மராட்டியர், ஜே.ஜே. கலைக்கல்லூரியில் பயின்றவர். விளம்பர நிறுவனங்களில் பல ஆண்டுகள் பணியாற்றிய பின், 1983 முதல் 1996 வரை பவாய் ஐ.ஐ.டி.யின் டிசைன் மையத்தில் பேராசிரியராக இருந்தார். அந்த மையம் 1969-இல் தொடங்கியது. விண்டோஸ் கணினிகளில் இந்திய மொழிகளுக்காக வந்த அடிப்படை எழுத்துருக்களில் அவர் பங்கு பெரியது. தேவநாகரிக்கு 'மங்கள்', தமிழுக்கு 'லதா'. கணினியில் முதன்முதலாகத் தமிழைக் கண்டபோது நம்மில் பலர் பார்த்தது அந்த லதாவைத்தான். 2008-இல் அவர் காலமானார்.

இவர்கள் வகுப்பில் அப்படி என்ன சொல்லித் தருகிறார்கள்? கையால் வரைவது அதில் ஒரு பகுதிதான். மாணவர் செய்ததைச் சுவரில் ஒட்டி, எல்லோர் முன்னிலையிலும் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பார்கள். "நன்றாக இருக்கிறது" என்ற பதில் செல்லாது. காரணம் வேண்டும்.

தமிழையே எடுத்துக்கொள்வோம். மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' என்று பள்ளியில் படித்தோம். இரண்டையும் ஒரே கனத்தில், ஒரே அகலத்தில் எழுதினால் 'ண' மட்டும் கறுத்துத் தெரியும், சிறிய அச்சில் சுழிகள் அடைத்துக்கொள்ளும். எனவே 'ண'வை அகலமாக்க வேண்டும், அல்லது கோட்டை மெலிதாக்க வேண்டும். மெலிதாக்கினால் பக்கத்தில் நிற்கும் 'ர' தடித்துத் தெரியும்! 'கீ' மேலே சுழிக்கிறது, 'ழ' கீழே இறங்குகிறது. கறுப்புக் கோட்டைப் போலவே நடுவில் உள்ள வெள்ளை இடத்தையும் பார்க்கப் பழக வேண்டும். பாலத்தில் ஓர் உறுப்பை மாற்றினால் மற்ற உறுப்புகளின் பளுவும் மாறுவதுபோல்தான் இதுவும். இதைப் படம் வரைதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தாராவி 90 அடி சாலையில் கையால் எழுதிய தமிழ்ப் பலகைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெயின்டர் இடத்துக்குத் தக்கபடி எழுத்தைக் குறுக்குவார், ஆனால் கோட்டின் கனத்தைக் காப்பாற்றுவார். ஃப்ளெக்ஸ் பேனர் வந்தபின் கணினியில் எழுத்தை ரப்பர் போல் இழுத்துவிடுகிறார்கள். மணமக்கள் பெயர் நசுங்கிக் கிடக்கிறது. குற்றம் கணினியில் இல்லை. கண்ணைப் பழக்கிவிட ஆளில்லை.

அப்படிப் பழகிய நம்மவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் தர்மலிங்கம் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை படித்து, பவாய் மையத்தில் டிசைன் முதுகலை முடித்து, அங்கேயே தமிழ் எழுத்து வடிவங்களைப் பற்றி முனைவர் ஆய்வும் செய்தார். 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்த போட்டியில் அவருடைய ரூபாய்ச் சின்னம் தேர்வாகி, 2010 ஜூலை 15-இல் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் பெற்றது. தேவநாகரி 'ர'வும் ரோமன் 'ஆர்' எழுத்தும் அதில் இணைந்திருக்கின்றன. ₹ என்று நாம் தினமும் பார்ப்பது அதுதான். இவ்வளவு பெயர் கிடைத்த கையோடு அவர் போனது எங்கே தெரியுமா? குவாஹாட்டி ஐ.ஐ.டி.யில் டிசைன் துறை ஆசிரியர் வேலைக்கு. வாத்தியார் வேலையை இரண்டாம்பட்சமாக எண்ணும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம்.

வழி என்ன என்று கேட்பவர்களுக்கு: பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல், வணிகம், கலை எதைப் படித்தவரும் 'யூசீட்' என்ற நுழைவுத்தேர்வை எழுதலாம். 2015 முதல் பவாய் ஐ.ஐ.டி. அதை நடத்துகிறது. பட்டம் பெற்றபின் முதுகலைக்கு 'சீட்' தேர்வு. கணக்கு வராது என்று ஒதுங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அளவும் விகிதமும் இங்கேயும் துரத்தி வரும்.

வீட்டில் தமிழ் படிக்கத் திணறும் பிள்ளைகள் இருந்தால், இந்த இதழின் ஒரு பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்து, எந்த எழுத்து மிகக் கறுப்பாகத் தெரிகிறது என்று கேளுங்கள். படிக்கத் தெரிந்த நாம் பொருளைப் பார்த்துவிடுவோம். அவர்கள் உருவத்தைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் 'ண'வைத்தான் காட்டுவார்கள். பிறகு அது என்ன எழுத்து என்று அவர்களே கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொடுங்கள்.