பி.எஃப். பென்ஷன்: 50 வயதிலா, 58-லா, 60-லா?

தனியார் நிறுவன ஊழியர்களுக்கான பி.எஃப். பென்ஷன், 1995 நவம்பர் 16-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி வழங்கப்படுகிறது. இதைப் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். முழு ஓய்வூதியத்துக்கான வயது 58. வேலையை விட்டவர்கள் 50 வயது முதலே வாங்கலாம். வேண்டுமானால் 60 வரை தள்ளியும் போடலாம். இந்த மூன்று வயதுகளைச் சுற்றித் தவறான எண்ணங்கள் சில உலவுகின்றன.

நம்பிக்கை: முன்கூட்டியே வாங்கத் தொடங்கினாலும், 58 ஆனதும் முழுத் தொகை கிடைத்துவிடும்.

உண்மை: கிடைக்காது. 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறைக்கப்படும். ஒருமுறை குறைந்தது ஆயுள் முழுவதும் குறைந்ததுதான். ஓய்வூதியம் வாங்கிவரும் நிலையில் ஊழியர் இறந்தால், அவர் வாங்கிய தொகையில் பாதிதான் வாழ்க்கைத் துணைக்கு வரும் என்பதால், அங்கேயும் இந்தக் குறைப்பு எதிரொலிக்கும்.

நம்பிக்கை: 58-க்கு முன் வாங்குவது எப்போதும் நஷ்டம்.

உண்மை: கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. 58 வயதில் மாதம் 5,000 ரூபாய் பெறவேண்டியவர் 55-லேயே தொடங்கினால் சுமார் 4,400 ரூபாய் கிடைக்கும். 58 ஆவதற்குள் 36 மாதங்களில் ஏறத்தாழ 1,58,000 ரூபாய் கைக்கு வந்திருக்கும். அதன்பின் மாதம் 600 ரூபாய் குறைவு. முன்னதாக வாங்கியது கரைய 22 ஆண்டுகள், அதாவது 80 வயது ஆகும். அகவிலைப்படி இல்லாத ஓய்வூதியம் இது. காலம் போகப்போக அந்த 600 ரூபாயின் மதிப்பும் தேயும். வேறு வருமானம் இல்லாதவருக்கு முன்கூட்டி வாங்குவது பிழையாகாது.

நம்பிக்கை: 60 வரை காத்திருந்தால் கொழுத்த லாபம்.

உண்மை: 58-க்குப் பிறகு தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் கூடும். 5,000 ரூபாய் இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,400 ஆகும். அந்த 400 ரூபாய்க்காக விட்டுக்கொடுப்பது 24 மாத ஓய்வூதியம்: 1,20,000 ரூபாய். அதை ஈடுகட்ட 84 வயதைத் தாண்டவேண்டும். பங்களிப்பையும் 60 வரை தொடர்பவருக்கு மட்டும் கணக்கு மாறும்; அந்த ஆண்டுகள் பணிக்காலத்தில் சேரும்.

நம்பிக்கை: ஓய்வூதியத்தைத் தீர்மானிப்பது வயது மட்டுமே.

உண்மை: கடைசி 60 மாதச் சராசரி ஊதியத்தைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் அடிப்படைக் கணக்கு. இதற்கு எடுத்துக்கொள்ளும் ஊதியத்துக்கு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய் பொது உச்சவரம்பு. அதற்கு முந்தைய பணிக்காலத்துக்கு 6,500 ரூபாய். பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தியில் தெரியும் தொகைக்கும் மாத ஓய்வூதியத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பணிக்காலம் 20 ஆண்டு நிறைந்தால் மேலும் 2 ஆண்டுகள் சேர்த்துக் கணக்கிடப்படும். ஆகவே 19-ஆவது ஆண்டில் வேலையை விட நினைப்பவர் பார்க்கவேண்டியது பிறந்த தேதியை அல்ல, பணியில் சேர்ந்த தேதியை.

நம்பிக்கை: வேலையில் நீடித்தால் 58-லும் பென்ஷன் கிடையாது.

உண்மை: இந்தத் தடை 58-க்கு முன் வாங்குபவருக்குத்தான், பி.எஃப். பிடிக்கும் வேலையில் இருந்துகொண்டு அவர் வாங்க முடியாது. 58 ஆனவர் சம்பளத்தோடு ஓய்வூதியத்தையும் பெறலாம். அதுவரை ஓய்வூதிய நிதிக்குப் போன முதலாளியின் 8.33 சதவீதப் பங்கும் அதன்பின் வைப்பு நிதியிலேயே சேரும்.

நம்பிக்கை: வயது வந்ததும் பணம் தானாக வங்கிக்கு வந்துவிடும்.

உண்மை: எந்த வயதில் தொடங்கினாலும் படிவம் 10டி கொடுத்தாக வேண்டும். பெயர், பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவை ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை என்றால் விண்ணப்பம் தேங்கும். இந்தத் திருத்தங்களை வேலையில் இருக்கும்போதே முடித்துக்கொள்வது நல்லது. ஓய்வூதியம் தொடங்கிய பிறகும் ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ் சான்று தரவேண்டும். தராவிட்டால் பணம் நின்றுவிடும்.