கியர்பாக்ஸை ஒரு தடவைதான் இறக்கணும், தங்கச்சி!

“கிளட்ச் மிதிச்சா சத்தம் வருது, ரிலீஸ் பேரிங் மட்டும் மாத்திட்டா போதுமா அக்கா?” தம்பி, தங்கச்சி யாரா இருந்தாலும் என்கிட்ட வந்து கேக்கறது இதுதான். போதாதும்மா. பேரிங் ஒண்ணும் பெரிய விலை இல்ல. ஆனா அதுகிட்ட கை எட்டணும்னா கியர்பாக்ஸை இறக்கணும். காசும் நேரமும் போறது அங்கதான். எங்க வீட்டு டிராவல்ஸ் வண்டிகளோட பில்லெல்லாம் என் கை வழியாத்தான் போகுது. ஒரே வண்டிக்கு இறக்கி ஏத்துற கூலியை ரெண்டு தடவை கொடுக்கறதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். அதனால வெளியே இருக்கிற சாமானை முதல்ல பாரு. உள்ளே இருக்கிறதை ஒரே தடவையில முடிச்சுடு.

1. முதல்ல காதால கேளு

வண்டியை நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணு, ஹேண்ட் பிரேக் போடு. ஏசி, பாட்டு எல்லாத்தையும் நிறுத்து. இப்போ பெடலை மெதுவா மிதி.

• மிதிக்க மிதிக்க ‘கிர்ர்’னு சத்தம் கிளம்புதா? ரிலீஸ் பேரிங்கா இருக்கும்.
• பெடல்ல கால் வைக்காதப்போ சத்தம் இருந்து, முழுசா மிதிச்சதும் அடங்குதா? கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்கச் சொல்லு. அது வேற வேலை, வேற செலவு.
• கால் லேசா பட்டதுமே கீச்சுச் சத்தம் நின்னா, பேரிங்கும் அதைத் தள்ளற ஃபோர்க்கும் உட்கார்ற இடத்துல தேய்மானம் இருக்கலாம்.

ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி வச்சுக்கோ. பட்டறைக்குப் போனதும் வண்டி சமத்தா நிக்கும், சத்தமே வராது.

2. வெளியே இருக்கிறதைப் பார்க்காம உள்ளே கை வைக்க விடாதே

பெடல் கனமாயிடுச்சா? ஆல்டோ மாதிரி கேபிள் வண்டின்னா, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற முனையைக் கழட்டி, உள் கம்பியைக் கையால இழுத்துப் பார்க்கச் சொல்லு. சிக்கிச் சிக்கி வந்தா கேபிள்தான் வில்லன். வழுக்கிக்கிட்டு வந்தா கோளாறு உள்ளே இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை, ஆனா கேக்கலைன்னா யாரும் செய்ய மாட்டாங்க. பெடல் பக்கத்து முனையில ஒரு இழை பிரிஞ்சு நின்னாலும் உடனே மாத்திடு, நடுரோட்டுல அறுந்து போறதுக்குக் காத்திருக்காதே. இறுகின கேபிளுக்குள்ள எண்ணெய் ஊத்தற பழக்கத்தையும் விடு. இப்போ வர்ற கேபிள்ல உள்ளே பிளாஸ்டிக் உறை இருக்கு. எண்ணெய் விட்டா தூசி சேர்ந்து இன்னும் இறுகும்.

ஹைட்ராலிக் வண்டியில பெடல் கீழே போய் அங்கேயே படுத்துக்கிச்சுன்னா, உடனே கிளட்ச் பிளேட்டைக் குறை சொல்லாதே. மேட்டை விலக்கி, பெடலுக்கு மேல விரலை விட்டுத் தடவிப் பாரு. ஈரம் இருந்தா மாஸ்டர் சிலிண்டர். கீழே ஸ்லேவ் சிலிண்டரோட ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்து அங்கே ஈரம் இருந்தா ஸ்லேவ். ரெண்டும் பெரும்பாலும் வெளியிலேயே மாத்தக்கூடிய சாமான்.

3. ஃப்ளூயிட்ல சிக்கனம் வேணாம்

ஹைட்ராலிக் வண்டியில ஃப்ளூயிட் டப்பா மூடியிலேயே டாட் 3, டாட் 4னு போட்டிருக்கும். அதைத்தான் ஊத்தணும். இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ கொஞ்சம் கலந்தாலும் உள்ளே இருக்கிற ரப்பர் சீல் உப்பிப் போகும். பல கார்கள்ல பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். அப்போ கிளட்சோட பிரேக்கும் சேர்ந்து கெடும், இது உயிர் விஷயம். இந்த ஃப்ளூயிட் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்து. திறந்து வச்ச பழைய பாட்டிலை ஊத்தாதே. பெயின்ட் மேல சிந்தினா உடனே தண்ணி விட்டுக் கழுவு.

4. ஃப்ரீ பிளே

பெடலைக் கையால அமுக்கு. கனம் தெரியறதுக்கு முன்னாடி கொஞ்சம் சும்மா இறங்கணும். எவ்வளவுன்னு வண்டியோட கையேட்டுல இருக்கும். கேபிள் வண்டியில அது இல்லாமலே போயிட்டா, பேரிங் எப்பவும் பிரஷர் பிளேட் மேல உரசிக்கிட்டே சுத்தும், கிளட்சும் வழுக்கும். அதிகமா இருந்தா கிளட்ச் முழுசா விடாது. ரிவர்ஸ் போடும்போது ‘கறக்’குனு கேக்கும். நட்டைத் திருப்பி சரி பண்ற வேலைக்கு யாராவது கிளட்ச் செட் விலை சொன்னா, வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடு.

5. கடையில ஏமாறாதே

சென்னையில ஜி.பி. ரோடோ உங்க ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையோ, எங்க போனாலும் ஆர்.சி. புக்குல இருக்கிற சேசிஸ் நம்பரைக் கொடு. “2014 மாடல் ஸ்விஃப்ட்”னு சொன்னா போதாது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பிளேட் அளவு வேற. ஒரே பேர்ல வர்ற வண்டிக்கே வருஷத்துக்கு வருஷம் மாறும். பழைய சாமான் கையில இருந்தா பக்கத்துல வச்சுப் பாரு.

பேரிங்கைக் கையில வாங்கிச் சுத்து. லேசான இறுக்கத்தோட, ஒரே சீராச் சுத்தணும், அது உள்ளே இருக்கிற கிரீஸோட பிடிப்பு. மணல் அரைபடற மாதிரி உணர்ந்தாலோ, கிரீஸே இல்லாம விர்ருனு சுத்தினாலோ திருப்பிக் கொடுத்துடு. பக்கவாட்டுல கொஞ்சம் நகருதேன்னு மட்டும் பயப்படாதே. தானா நடுவுல வந்து உட்கார்றதுக்காக சில பேரிங்கை அப்படித்தான் செய்யறாங்க. கீழே விழுந்த பேரிங்கைத் துடைச்சுக் கொடுத்தா வாங்காதே.

வண்டி கம்பெனியோட பெட்டி இல்லைன்னா, லுக், வேலியோ, எக்ஸெடி மாதிரி கிளட்சே தொழிலா இருக்கிறவங்களோட பெட்டி வாங்கு. விலை பாதின்னா அது போலிதான். பில் இல்லாம வாங்கறதும் வேணாம், அப்புறம் வாரண்டி பேச முடியாது.

6. இறக்கின அன்னைக்கே எல்லாத்தையும் பாரு

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் செட்டா மாறட்டும். “பிளேட் மட்டும் போடுங்க, பேரிங் நல்லாத்தான் இருக்கு”ன்னு மிச்சம் பிடிக்கிறவங்கதான் மறுபடி பட்டறை வாசல்ல நிப்பாங்க. அதோட நிக்காதே. பக்கத்துல நின்னு இதெல்லாம் கேளு:

• பழைய பிரஷர் பிளேட்டோட நடு விரல்களைக் காட்டச் சொல்லு. பேரிங் பட்ட தடம் சுத்தி ஒரே வட்டமா இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் ஆழமா அரிச்சிருந்தா ஃபோர்க் வளைஞ்சிருக்கலாம். அதைப் பார்க்காம விட்டா புது பேரிங்கும் கோணலாத்தான் உட்காரும். நீலம் பாஞ்சிருந்தா சூட்டுல வெந்திருக்கு, ஃபிளைவீல் முகத்தையும் பார்க்கணும்.
• ஃபோர்க் நுனியும், அதைத் தாங்கற குண்டும் தேஞ்சிருக்கா?
• பேரிங் முன்னும் பின்னும் ஓடற குழாய்ல கீறல் இருக்கா? இருந்தா பெடல் கனம் போகவே போகாது.
• இன்ஜின் பின்பக்க ஆயில் சீலும், கியர்பாக்ஸ் முன்பக்க சீலும் கசியுதா? சின்ன விலை சாமான். புது பிளேட் மேல எண்ணெய் பட்டுட்டா திரும்பவும் முதல்லேருந்து.

கிரீஸ் தடவறதுல நம்ம ஆளுங்களுக்குக் கை தாராளம். சூடு தாங்கற கிரீஸை, ஸ்ப்லைன்லயும் ஃபோர்க் உரசற இடத்துலயும் மெல்லிசா தடவினா போதும். அதிகமானது சுத்தற வேகத்துல தெறிச்சு பிளேட்ல ஒட்டும். பேரிங்கை பெட்ரோல்ல, மண்ணெண்ணெய்ல கழுவவே விடாதே. உள்ளே ஆயுசுக்கும்னு அடைச்ச கிரீஸ் கரைஞ்சு போயிடும், திரும்ப வைக்க வழி இல்ல.

சில வண்டிகள்ல பேரிங்கும் ஸ்லேவ் சிலிண்டரும் ஒண்ணா கியர்பாக்ஸுக்குள்ளயே இருக்கும். கசியலைன்னாலும் கிளட்ச் வேலையோட சேர்த்து மாத்திடு. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, கியர்பாக்ஸை ஏத்தி பூட்டறதுக்கு முன்னாடி யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. எதிர்ல தாங்க எதுவும் இல்லாததால சிலிண்டர் வெளியே பிதுங்கி வீணாயிடும். ஏர் எடுக்கும்போதும் பெடலை அடிச்சு மிதிக்காம நிதானமா இறக்கச் சொல்லு.

7. இடது காலை எடு!

சிக்னல்ல ஒரு நிமிஷம் நிக்கும்போது கியர் போட்டு கிளட்சை அமுக்கிக்கிட்டே இருக்கியே, அந்த நிமிஷம் முழுக்க பேரிங் பாரம் சுமந்து சுத்துது. நியூட்ரல் போடு, காலை எடுத்து ஓரமா வை. ஓடும்போதும் பெடல் மேல கால் வேணாம். வால்பாறை 40 வளைவு, கொல்லிமலை 70 வளைவு ஏறும்போது முன்னாடி பஸ் நின்னா, ஹாஃப் கிளட்ச்ல வண்டியைத் தாங்கிப் பிடிக்காதே. ஹேண்ட் பிரேக் எதுக்கு இருக்கு?

8. மழைத்தண்ணி ஏறிட்டா

2015 டிசம்பர், 2023 டிசம்பர்னு சென்னை வெள்ளத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். முழங்கால் தண்ணியில நின்ன வண்டியில, கிளட்ச் இருக்கிற பெல் ஹவுசிங்குக்குள்ள சேறு போகும். ஸ்டார்ட் ஆயிடுச்சேன்னு சந்தோஷப்பட்டு விட்டுடாதே. பேரிங் சத்தம் பிறகுதான் வரும். காயாம நாள் கணக்கா நிறுத்தினா, துருப்பிடிச்சு பிளேட் ஃபிளைவீலோட ஒட்டிக்கும், கியரே விழாது. இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்போதே கிளட்சையும் பார்க்கச் சொல்லி எழுதி வாங்கு.

9. புது செட் போட்ட பிறகு

பழைய சாமானை ஒரு பையில கேட்டு வாங்கிக்கோ, மாத்தினதுக்கு அதுதான் சாட்சி. முதல் சில நூறு கிலோமீட்டர் முறுக்காம, பாரம் ஏத்தாம ஓட்டு. கேபிள் வண்டின்னா அதுக்கப்புறம் ஃப்ரீ பிளேயை இன்னொரு தடவை அளந்து சரி பண்ணிடு.